ஒரு கூரையின்கீழ்ப் பல உறவுகள்

நுழையும்முன்...

பிறப்பினால் வரும் உறவுகள் உண்டு. மணத்தினால் வரும் உறவுகளும் உண்டு. ஒருவர் மறுமணம் செய்துகொள்ளும்போது, அம்மணத்தை முடிவு செய்யாத பிள்ளைகளுக்கும் முதியோருக்கும்கூடப் புதிய உறவுகள் பிறக்கின்றன. அவ்வுறவுகள் எவ்வாறு வளர்கின்றன, எதனால் தளர்கின்றன, யாரால் வலுப்பெறுகின்றன என்பதை வடசென்னையின் வாழ்க்கைப் பின்புலத்திலும் தமிழ் இலக்கியச் சான்றுகளின் துணையோடும் இப்பாடம் விளக்குகிறது.

கடலும் ஆலையும் சூழ்ந்த வாழ்வு

சென்னையின் வடபகுதி உழைப்பாளர்களின் நிலம். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இப்பகுதியில் ஒருபுறம் கடல். மறுபுறம் ஆலைகள், சரக்குக் கிடங்குகள், இருப்புப்பாதைகள். தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பின்னர்ச் சென்னைத் துறைமுகம் வளர்ந்தது. 1955ஆம் ஆண்டு திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. எண்ணூரில் அனல்மின் நிலையமும், 2001ஆம் ஆண்டு முதல் இயங்கும் புதிய துறைமுகமும் அமைந்தன. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமோ நாள்தோறும் விடியுமுன் விழித்துக்கொள்கிறது.

இத்தகைய உழைப்புச் சூழலில் வாழ்வோர் இழப்புகளையும் நன்கறிந்தவர்கள். கடலுக்குச் சென்றவர் திரும்பாமற்போவதுண்டு. விபத்தோ நோயோ இளம் வயதிலேயே துணையைப் பறிப்பதுண்டு. ஒத்துவாழ இயலாமல் மணமுறிவு பெறுவோரும் உண்டு. அவ்வாறு தனித்து நின்றவர்கள் தம் பிள்ளைகளுடன் மீண்டும் ஓர் இல்லறத்தைத் தொடங்கும்போது மறுமணக் குடும்பம் உருவாகிறது. இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்ட அதே 1856ஆம் ஆண்டில்தான் இந்து விதவைகள் மறுமணச் சட்டமும் இயற்றப்பட்டது. தமிழக அரசும் டாக்டர் தருமாம்பாள் அம்மையார் பெயரால் மறுமணம் செய்துகொள்ளும் கைம்பெண்களுக்கு நிதியுதவி வழங்கி வருகிறது. மணம் புரிய வழி பிறந்துவிட்டது. ஆனால், மணத்திற்குப் பின் அவ்வீட்டில் வாழ்வோர் ஒருவரோடொருவர் எவ்வாறு உறவாகின்றனர் என்பதை எந்தச் சட்டமும் கற்றுத்தர இயலாது.

சொல் சுமத்தும் சுமை

மறுமணக் குடும்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே மொழி நம்மை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறது. ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்னும் தொடரைச் செய்தித்தாள்களில் அடிக்கடி காண்கிறோம். ஓர் அரசோ நிறுவனமோ பாகுபாடு காட்டினால் அதனைச் சுட்ட இத்தொடர் பயன்படுகிறது. ‘மாற்று’ என்னும் அடிச்சொல் ஒன்றுக்கு ஈடாக வரும் மற்றொன்றைக் குறிக்கும். ‘மாற்றார்’ என்னும் சொல்லோ பகைவரையும் குறிக்கும். இவ்விரு பொருள்களின் நிழலும் மாற்றாந்தாய் என்னும் சொல்லின்மேல் விழுகிறது. வீட்டு வாயிலில் கால் வைக்குமுன்பே ஒரு பெண்ணின்மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அவள் பிள்ளையைக் கண்டித்தால் கொடுமை எனப்படுகிறது. கண்டிக்காமல் விட்டால் அக்கறையின்மை எனப்படுகிறது.

ஆயினும், வீட்டில் வழங்கும் தமிழ் இவ்வளவு கடுமையானதன்று. தாயின் தங்கையும் சித்தி. சிற்றப்பனின் மனைவியும் சித்தி. தந்தை மறுமணம் செய்துகொண்ட பெண்ணும் சித்தி. மனைவியை இழந்தவருக்கு அவள் தங்கையையே மணம் செய்விக்கும் வழக்கம் இருந்தமையால், சித்தியாக இருந்தவளே தாயின் இடத்திற்கு வந்தாள். சித்தி, சின்னம்மா, சித்தப்பா ஆகிய விளிப்பெயர்கள் புதிதாக வருபவருக்கு உறவுமுறையில் முன்பே ஓர் இருக்கையை ஒதுக்கி வைத்திருக்கின்றன. அவை ‘அம்மா’, ‘அப்பா’ என்னும் சொற்களைப் பறித்துக்கொள்வதில்லை. அவற்றின் அருகே நிற்கின்றன. பிள்ளை எந்தச் சொல்லால் அழைக்க விரும்புகிறது என்பதைப் பெரியோர் கட்டாயப்படுத்தாமல் விட்டால், மறுமணக் குடும்பத்தின் முதல் தடையொன்று எளிதில் நீங்கும்.

உறவுகளை எண்ணிப் பார்த்தல்

மறுமணக் குடும்பத்தை ஒற்றை அலகாகப் பார்ப்பதே பல தவறான புரிதல்களுக்குக் காரணம். ‘அந்தக் குடும்பம் எப்படி?’ என்று வினவுகிறோம். அக்குடும்பத்தில் இருப்பது ஓர் உறவன்று, பல உறவுகள். எடுத்துக்காட்டாக, காசிமேட்டை அடுத்த ஒரு தெருவில் வாழும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை விசைப்படகில் கடலுக்குச் செல்பவர். அவருடைய முதல் மனைவி நோயால் மறைந்தார். அவருக்குப் பதினைந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரு மகன்கள். உடன் அவருடைய தாயும் இருக்கிறார். எண்ணூரைச் சேர்ந்த, கணவரை இழந்த பெண் ஒருவரை அவர் மறுமணம் செய்துகொள்கிறார். அப்பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். ஆக, வீட்டில் ஆறு பேர்.

ஆறு பேரை இருவர் இருவராக இணைத்து எண்ணினால் பதினைந்து உறவுகள் கிடைக்கும். அவற்றுள் ஏழு பழையவை. தந்தைக்கும் இரு மகன்களுக்கும் இடையே இரண்டு, மகன்கள் இருவருக்குள் ஒன்று, பாட்டிக்கும் தந்தைக்கும் பேரன்களுக்கும் இடையே மூன்று, தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒன்று என அவை அமையும். எஞ்சிய எட்டும் புதியவை. கணவன் - மனைவி உறவு அவற்றுள் ஒன்று. தந்தைக்கும் புதிய மகளுக்கும் இடையில் ஒன்று. தாய்க்கும் புதிய மகன்களுக்கும் இடையில் இரண்டு. மகளுக்கும் அவ்விரு சிறுவர்களுக்கும் இடையில் இரண்டு. பாட்டிக்கும் மருமகளுக்கும் இடையில் ஒன்று. பாட்டிக்கும் புதிய பேத்திக்கும் இடையில் ஒன்று.

இக்கணக்கு ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது. எட்டுப் புதிய உறவுகளுள் உரியவர்கள் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்தது ஒன்றே ஒன்று. அது கணவன் - மனைவி உறவு. மற்ற ஏழும் அந்த ஒன்றன் விளைவாக ஏற்பட்டவை. ஒரே நாளில் பிறந்த இந்த எட்டு உறவுகளும் ஒரே வேகத்தில் வளரும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. ஒன்பது வயதுச் சிறுவன் ஆறே திங்களில் சித்தியின் மடியில் தலைவைத்து உறங்கலாம். பதினைந்து வயது அண்ணனோ ஈராண்டு கடந்தும் அவரிடம் நேர்நின்று பேசத் தயங்கலாம். இரண்டும் இயல்பானவையே. ஒன்றை மட்டும் கண்டு ‘இக்குடும்பம் நன்றாக இருக்கிறது’ என்றோ, மற்றொன்றை மட்டும் கண்டு ‘இக்குடும்பம் ஒட்டவில்லை’ என்றோ முடிவு கட்டுவது தவறாகும்.

தேர்ந்தெடுத்த உறவு

கணவன் - மனைவி உறவு மற்ற உறவுகளைத் தாங்கும் தூண். புதிதாக ஒரு வீட்டிற்குள் நுழைபவர் தமக்கு அங்கு நிலையான இடம் உண்டா என்னும் ஐயத்துடன்தான் நுழைகிறார். திருவொற்றியூரில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் ஒரு நிகழ்வு இதற்குச் சான்றாகும். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பினார். சங்கிலியார் உறுதிமொழி வேண்டினார். தம்மைப் பிரியேன் எனச் சுந்தரர் மகிழ மரத்தடியில் சூளுரைத்த பின்னரே மணம் நிகழ்ந்தது. அச்சூளுறவு மீறப்பட்டதும், அதனால் சுந்தரர் கண்ணொளி இழந்ததும் அக்காப்பியம் கூறும் செய்திகள். மகிழடி சேவை என்னும் விழாவாக அந்நிகழ்வு ஒற்றியூரில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஒரு துணையை முன்பே உடையவர் மற்றொரு மணம் புரிவதை 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தடை செய்துவிட்டது. எனினும், சங்கிலியாரின் வேண்டுகோளில் உள்ள வாழ்வியல் உண்மை மாறவில்லை. முன்பே ஒரு வாழ்க்கை வாழ்ந்தவரோடு இணைபவருக்கு வாக்குறுதி தேவைப்படுகிறது. அது பிள்ளைகளுக்கும் தேவைப்படுகிறது. ‘புதியவர் வந்தபின் என் தந்தை என் தந்தையாகவே இருப்பாரா?’ என்பதே பிள்ளையின் சொல்லப்படாத வினா. மனைவிக்கு அளிக்கும் உறுதி, பிள்ளைக்கு உரிய நேரத்தைப் பறித்துக்கொண்டு அளிக்கப்படுமானால், புதிய உறவு தொடங்கும்போதே பகையும் தொடங்கிவிடும். எனவே, தந்தை தம் மகன்களுடனும் தாய் தம் மகளுடனும் முன்போலவே தனித்துப் பேசவும் உலவவும் நேரம் ஒதுக்க வேண்டும். பழைய உறவு உறுதியாக இருக்கும் பிள்ளையே புதிய உறவுக்கு அஞ்சாமல் கை நீட்டும்.

சித்தியும் பிள்ளையும்

மறுமணக் குடும்பத்தின் உறவுகளுள் மிகுதியாகப் பேசப்படுவதும் மிகுதியாகப் பழிக்கப்படுவதும் இவ்வுறவே. தாயை இழந்த பிள்ளையின் உள்ளத்தில் ஒரு போராட்டம் நிகழ்கிறது. சித்தியிடம் அன்பு கொள்வது மறைந்த தாய்க்குச் செய்யும் துரோகம் என அப்பிள்ளை எண்ணுகிறது. சித்தி சமைத்த குழம்பு சுவையாக இருந்தாலும் ‘அம்மா வைப்பது போல் இல்லை’ என்று சொல்லத் தோன்றும். அது சித்தியின்மீது கொண்ட வெறுப்பன்று. தாயின்மீது கொண்ட பற்று. இவ்வேறுபாட்டை உணர்ந்த சித்தி அச்சொல்லால் காயப்படமாட்டார். சுவரிலுள்ள தாயின் படத்தை அகற்றாமல், அதற்குப் பூச்சரம் சூட்டும் பொறுப்பைப் பிள்ளையிடமே தரும் பெண், தாம் யாருடைய இடத்தையும் பறிக்க வரவில்லை என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறார்.

சங்க இலக்கியம் இவ்வுறவின் நுட்பத்தை அறிந்திருந்தது. சாகலாசனார் பாடிய அகநானூற்றின் பதினாறாம் பாடலில், தெருவில் தனியே விளையாடும் ஒரு குழந்தையைத் தலைவனோடு உறவுடைய பரத்தை காண்கிறாள். அன்பு மீதூர அள்ளி அணைத்துக்கொள்கிறாள். அதனைத் தலைவி பார்த்துவிடுகிறாள். பரத்தையோ களவு செய்து அகப்பட்டவள்போல் நாணித் தலைகுனிந்து நிற்கிறாள். தலைவி சினம் கொள்ளாமல், நீயும் இவனுக்குத் தாய்தானே என்று கூறி அவளைத் தழுவிக்கொள்கிறாள். அக்கூற்றில் தலைவனுக்கு உணர்த்தும் ஊடற்குறிப்பும் உண்டு. எனினும், ஒரு குழந்தைமீது இருவர் அன்பு செலுத்தலாம், ஒருவர் அன்பு மற்றவர் அன்பைக் குறைப்பதில்லை என்னும் எண்ணம் அப்பாடலில் ஒலிக்கிறது.

தந்தையான சொல்

தாய் மறுமணம் செய்துகொள்ளும்போது பிள்ளைக்குச் சித்தப்பா வாய்க்கிறார். இவ்வுறவில் எழும் முதற்சிக்கல் கண்டிப்பு. வந்த சில நாள்களிலேயே படிப்பு, நடத்தை, நண்பர்கள் என அனைத்திலும் அதிகாரம் செலுத்த முனையும் ஒருவரைப் பிள்ளை ஏற்பதில்லை. உரிமை பழக்கத்தால் வருவது, அறிவிப்பால் வருவதன்று. ஆகவே, தொடக்கக் காலத்தில் கண்டிக்கும் பொறுப்பைப் பெற்றவரே ஏற்பதும், புதியவர் நட்புடன் பழகுவதும் நலம் பயக்கும் என்பது குடும்ப உளவியலாளர் பலரின் கருத்து. மறுமணக் குடும்பங்களை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா பேப்பர்நோ, அத்தகைய குடும்பங்கள் ஒன்றி அமைவதற்குப் பல ஆண்டுகள் தேவைப்படும் என விளக்கியுள்ளார். ஓராண்டில் கனியாத உறவு தோற்றுப்போன உறவு அன்று.

மீண்டும் சுந்தரரின் வரலாற்றை நோக்குவோம். திருநாட்டியத்தான்குடியில் கோட்புலி நாயனார் தம் மகளிர் சிங்கடி, வனப்பகை ஆகிய இருவரையும் சுந்தரரின் அடிமைகளாக ஏற்குமாறு வேண்டினார். சுந்தரரோ அவர்கள் தம் மகளிர் எனக் கூறி, மடியில் இருத்தி அன்பு செய்தார் என்கிறது பெரியபுராணம். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. தாம் பாடிய பதிகங்களில் தம்மைச் சிங்கடிக்கு அப்பன் என்றும் வனப்பகைக்கு அப்பன் என்றும் குறிப்பிட்டுக்கொண்டார். ‘நீ என் மகள்’ என்று வீட்டிற்குள் சொல்வது எளிது. ‘நான் இவளுக்குத் தந்தை’ என ஊரறியச் சொல்வதே பெரிது. பள்ளியின் பெற்றோர் கூட்டத்திற்குத் தவறாமல் வந்து அமரும் சித்தப்பாவும் அதனையே செய்கிறார்.

கடல் தரும் இடைவெளி

தொழிலும் உறவுகளை வடிவமைக்கிறது. மேற்கூறிய கற்பனைக் குடும்பத்தில் தந்தை கடலுக்குச் சென்றால் திரும்பப் பல நாள்கள் ஆகலாம். அப்போது வீட்டில் எஞ்சுவோர் யாவர்? மனைவி, அவருக்குப் புதியவரான மாமியார், புதிய மகன்கள், தாயைத் தவிர வேறெவரையும் அறியாத மகள். இவர்களை இணைத்த மனிதர் கடலில் இருக்கிறார். அவரால் இணைந்தவர்கள் ஒரே அறையில் இருக்கின்றனர். மிக இளைய உறவுகள் மிக நீண்ட நேரம் துணையின்றி விடப்படுகின்றன. ஆலைகளில் இரவுப்பணி செய்வோர் வீடுகளிலும் இந்நிலை உண்டு. பகலில் உறங்கும் தந்தைக்காகக் குரலடக்கி விளையாடும் பிள்ளைகள் அவரைக் கண்டு அஞ்சக் கற்கின்றனரேயன்றி, அவரோடு பழகக் கற்பதில்லை.

மாறாக, மீன்பிடித் தடைக்காலம் மற்றொரு நிலையைத் தருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அது பெரும்பாலும் கோடை விடுமுறைக் காலம். வருமானம் குறைந்து, கடன் மிகுந்து, சிறிய வீட்டில் அனைவரும் நாள் முழுதும் ஒன்றாக இருக்க நேர்கிறது. பூசல்கள் எழுவது இயல்பே. ஆனால், வலை சீரமைக்கும் தந்தையின் அருகே அமர்ந்து கண்ணி பிணைக்கக் கற்கும் மகள், அப்போதுதான் அவரை முதன்முறையாகச் ‘சித்தப்பா’ என அழைக்கவும் கூடும். சேர்ந்து செய்யும் சிறு வேலை, நேருக்கு நேர் அமர்ந்து பேசும் அறிவுரையைவிட உறவை விரைந்து வளர்க்கிறது.

இடையில் நிற்பவர்

இருவர் உறவு அவ்விருவரால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. மூன்றாமவர் ஒருவர் அதனை வளர்க்கவும் சிதைக்கவும் வல்லவர். கம்பராமாயணத்தில் இராமனுக்கு முடிசூட்டு விழா என்னும் செய்தியைக் கேட்டதும் கைகேயி மகிழ்ந்து, செய்தி கொணர்ந்த மந்தரைக்கு மாலை பரிசளிக்கிறாள். அதுவரை இராமனைத் தன் மகனாகவே கருதிய தாய் அவள். ‘உன் மகன்’, ‘அவள் மகன்’ என்று மந்தரை பிரித்துப் பேசிய பின்னரே அவ்வன்பு திரிந்தது. ‘என்ன இருந்தாலும் பெற்றவள் போலாகுமா?’ என்று திண்ணையில் அமர்ந்து கேட்கும் குரல்கள் இன்றும் அதே செயலைத்தான் செய்கின்றன.

இதற்கு நேர்மாறானவள் மாதவி. மணிமேகலையைப் பெற்றவள் அவளே. ஆயினும், தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றே கூறுகிறாள். அவ்வுணர்வோடு வளர்ந்த மணிமேகலை, பின்னாளில் வஞ்சி நகரில் கண்ணகியின் படிமத்தைத் தாயெனப் போற்றி வணங்குகிறாள். நேரில் வளர்க்காத ஒருத்தியோடு மகளுக்குத் தாயுறவு ஏற்பட்டதற்குப் பெற்றவளின் சொல்லே காரணம். மணமுறிவு பெற்றுப் பிரிந்து வாழும் பெற்றோருக்கும் இது பொருந்தும். பிரிந்து சென்ற துணையையோ அவர்தம் புதிய துணையையோ பிள்ளையின் முன் இழித்துப் பேசாதிருப்பது பிள்ளைக்குச் செய்யும் பேருதவி.

வீட்டிலுள்ள முதியோரின் பங்கும் குறைந்ததன்று. மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்த இராமலிங்க அடிகளைச் சென்னையில் வளர்த்தவர்கள் அவர்தம் அண்ணன் சபாபதியும் அண்ணியும் ஆவர். தம்பி படிப்பில் நாட்டமின்றி இருப்பதாக எண்ணிய அண்ணன், அவருக்கு வீட்டில் உணவளிக்கலாகாது எனக் கட்டளையிட்டார். அண்ணியோ கணவர் அறியாமல் அவருக்கு உணவிட்டு, கண்ணீர் மல்க அறிவுரை கூறி வீட்டிற்குத் திரும்பச் செய்தார் என்பது அடிகளின் வாழ்க்கை வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. அண்ணன் - தம்பி உறவு முறிந்துவிடாமல் காத்தது அண்ணி - கொழுந்தன் உறவு. மறுமணக் குடும்பத்தில் புதிய பேத்திக்கும் பேரன்களுக்கும் ஒரே அளவில் தின்பண்டம் பகிர்ந்து தரும் பாட்டி, அத்தகைய காப்பாளரே.

உடன்பிறவாத உடன்பிறப்பு

இரு வீட்டுப் பிள்ளைகள் ஒரு வீட்டில் சேரும்போது அவர்களுடைய வரிசை மாறுகிறது. வீட்டின் ஒரே பிள்ளையாக இருந்த மகள் இப்போது மூவருள் நடுப்பிள்ளை. பாயும் தலையணையும், படிக்கும் மேசையும், கைப்பேசியும் பங்கிட வேண்டியவை ஆகின்றன. பள்ளி வருகைப்பதிவேட்டில் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் முன்னெழுத்துகள் வெவ்வேறாக இருப்பதைக் கண்டு உடன்பயில்வோர் வினவும்போது, அப்பிள்ளைகள் அடையும் கூச்சம் சிறிதன்று. தாயின் பெயரின் முதலெழுத்தையும் முன்னெழுத்தாகக் கொள்ளத் தமிழக அரசு இடமளித்துள்ளது. முன்னெழுத்து எதுவாயினும், அதனைக் கொண்டு ஒருவரின் உறவை அளக்கலாகாது என உணர்ந்து நடப்பது வகுப்புத் தோழர்களின் கடமை.

மறுமணத்தின்பின் ஒரு குழந்தை பிறந்தால் நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் எழுவரைக் கொண்டதாகும். உறவுகள் இருபத்தொன்றாகப் பெருகும். அக்குழந்தை ஒன்றே வீட்டிலுள்ள அறுவரோடும் குருதியுறவு உடையது. எனவே அது பாலமாகலாம். பாகுபாடு நேர்ந்தால் பிளவுமாகலாம். மூத்த பிள்ளைகளைத் தாதிகளாக்காமல் அண்ணன்களாகவும் அக்காவாகவும் மதித்தால் பாலமே நிலைபெறும்.

வேறு வேறு தாயர் வயிற்றில் பிறந்தோர் உடன்பிறப்பன்பின் உச்சத்தைத் தொட்டதற்குப் பரதனே சான்று. தனக்கெனப் பெறப்பட்ட அரசை ஏற்க மறுத்து, அண்ணனைத் தேடிக் கானகம் சென்றவன் அவன். போர் முடிந்தபின் விண்ணுலகிலிருந்து வந்த தயரதன் வரம் கேட்குமாறு கூறியபோது இராமன் வேண்டியது யாது? தயரதன் துறந்த கைகேயியும் பரதனும் மீண்டும் தனக்குத் தாயும் தம்பியும் ஆக வேண்டும் என்பதே அவன் வேண்டிய வரம் எனக் கம்பர் பாடுகிறார். தந்தை அறுத்த உறவை மகன் மீட்டான். மறுமணக் குடும்பத்தில் உறவுகளைச் சீர்செய்யும் ஆற்றல் பெரியோரிடம் மட்டுமன்றிப் பிள்ளைகளிடமும் உண்டு என்பதை இது காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, சித்தப்பா உயில் எழுதாமல் மறைந்தால் மனைவியின் முன்மணத்துப் பிள்ளை அவருடைய முதல்நிலை வாரிசாகாது. முறைப்படி தத்தெடுத்தலோ உயில் எழுதுதலோ அப்பிள்ளைக்குப் பாதுகாப்பளிக்கும்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, ‘பெற்றோர்’ என்னும் சொல்லுக்குள் மாற்றாந்தாயையும் மாற்றாந்தந்தையையும் உள்ளடக்குகிறது.

வீட்டில் அச்சமோ துன்புறுத்தலோ நேரின், பிள்ளைகள் நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் கூறலாம். 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் உதவி பெறலாம்.

பொறுமையே பொருத்தம்

சட்டம் காட்டும் இடைவெளியையும் நோக்க வேண்டும். முதுமையில் காக்கும் கடமை என வரும்போது மாற்றாந்தாயும் தாயாகிறார்; ஆனால் உடைமை என வரும்போது, வளர்த்த பிள்ளை தானாகவே வாரிசாவதில்லை. ஆகவே, அன்பை நடைமுறையிலும் எழுத்திலும் உறுதிசெய்வது பெரியோர் பொறுப்பாகும். மனத்தில் மகளாக ஏற்றவளை ஆவணத்திலும் மறவாதிருத்தல் வேண்டும்.

மறுமணக் குடும்பம் குறையுடைய குடும்பம் அன்று; இழப்பிலிருந்து மீண்டெழுந்த குடும்பம். அதன் நலம் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பதில் அடங்குவதில்லை. அக்குடும்பத்திலுள்ள ஒவ்வோர் இருவருக்கும் உரிய நேரமும் இடமும் மதிப்பும் கிடைக்கின்றனவா என்பதில் அடங்கியுள்ளது. பதினைந்து உறவுகளுள் ஒன்றிரண்டு தளர்ந்திருந்தாலும் மற்றவை வீட்டைத் தாங்கி நிற்கும். தளர்ந்தவையும் காலப்போக்கில் வலுப்பெறக் கூடும். ஒரு கண்ணி அறுந்ததென்று காசிமேட்டு மீனவர் வலையை எறிந்துவிடுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடி எடுத்துப் பிணைக்கின்றனர். உறவைப் பேணுவோரும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. ஐவர் வாழும் ஒரு கற்பனை மறுமணக் குடும்பத்தை அமைத்து, அதிலுள்ள உறவுகளைப் பழையவை, புதியவை எனப் பிரித்து அட்டவணைப்படுத்துக.

2. ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்னும் தொடரைப் பயன்படுத்துவது முறையா என்பது குறித்து வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

3. மந்தரை, மாதவி ஆகிய இருவரும் பிறர் உறவில் ஏற்படுத்திய விளைவுகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

4. உங்கள் பகுதியில் தாயின் தங்கை, சிற்றப்பனின் மனைவி, தந்தையின் மறுமணத் துணைவி ஆகியோரை அழைக்க வழங்கும் உறவுப்பெயர்களைத் தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.